கறுப்பாகவே கிறுக்கும் பிள்ளையும், வலது கை விழுந்த ஆச்சியும்

தங்கச்சி, நீங்கள் ஏரலில் இருந்து எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் மகனுக்கு இப்போது எட்டு வயது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு ராத்திரி முழுக்க மச்சில் இருந்த பிள்ளை. அதற்கப்புறம் மழை இருட்டினாலே பேச்சை நிறுத்திவிடுகிறான், நோட்டில் பக்கம் பக்கமாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்குகிறான். டாக்டர் 'ஆர்ட் தெரபி பார்க்கலாம்', அதாவது படம், களிமண் மாதிரிக் கைவேலை வழியாக மனசுக்குச் செய்கிற சிகிச்சை, என்று சொன்னாராம், ஆனால் அவனுக்குப் படம் வரையவே வராதே என்கிறீர்கள். கூடவே ஆச்சிக்குப் போன வருஷம் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து பேச்சும் குழறுகிறது, அவர்களுக்கும் இதில் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. இதெல்லாம் காசு உள்ளவர்களுக்கும் இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கும்தானா, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். பிள்ளையை ஒருத்தர் கையில் ஒப்படைக்கும்போது அவர் யார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவே கிடையாது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் போர்டு எழுதினவர். கடைப் பெயர், லாரி நம்பர், கோயில் கொடைக்குத் தட்டி, கட்சிக்காரர்களுக்குச் சுவர், எது வந்தாலும் எழுதுவார். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், தம்பி அங்கேதான் படித்தான். ஆனால் பள்ளியில் சேர்வதற்கு முந்தின வருஷங்களில் வீட்டில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. அம்மா அடுப்புக்கரியை எடுத்து அடுக்களைத் தரையில் ஒரு பஸ் வரைவாள், பக்கத்தில் ஒரு தேங்காய், அதற்கு மேலே கோபுரம். ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டு வருகிற வழியில் கோயிலுக்கும் போகிறோம் என்று அர்த்தம். தம்பி அந்தக் கோபுரத்தைக் காலால் அழித்தால் கோயிலுக்கு வரமாட்டான் என்று அர்த்தம். அப்படி எங்கள் வீட்டில் படம் என்றால் பேச்சு. நன்றாக வரைகிறாளா என்று அம்மாவை யாரும் கேட்டதில்லை, அவள் வரைந்த பஸ் பார்க்க ஒரு பெட்டி மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் பிளக்ஸ் போர்டு வந்தது. நாலைந்து வருஷத்துக்குள் அப்பாவுக்கு வேலை இல்லாமல் போனது. சாப்பிடுவார், திண்ணையில் இருப்பார், பேச்சு இல்லை. இப்போது நான் பார்த்தால் அது மனச்சோர்வு என்று சொல்லிவிடுவேன், அப்போது எங்களுக்கு அப்படி ஒரு வார்த்தை தெரியாது, 'அப்பாவுக்கு மனசு சரியில்லை' என்பதோடு சரி. ஒருநாள் தம்பி வீட்டுப் பின்சுவரில் சுண்ணாம்பு அடித்து, அப்பாவின் பழைய பிரஷை அவர் கையில் திணித்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டான். அப்பா அரை மணி நேரம் சும்மா நின்றார், பிறகு 'அ' எழுதினார். அந்த ஒரு எழுத்தை மூன்று நாள் எழுதினார். அவருக்கு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அவர் ஆஸ்பத்திரிக்கும் போனார், மாத்திரையும் சாப்பிட்டார். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால்தான் மறுபடி பேசினார்.

இதைப் பார்த்து வளர்ந்ததால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன், அதன்பின் உளவியலில் முதுகலை, அதற்கும் பிறகு ஆர்ட் தெரபி பயிற்சி. அந்தப் பயிற்சியில் பாடம் படிப்பதைவிட, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் ஆட்களோடு உட்கார்ந்த மணி நேரங்கள்தான் முக்கியம். இன்றைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரிடம் என் வேலையைச் சொல்லி, எங்கே தவறினேன் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. மாத்திரை எழுத மாட்டேன், இருக்கிற மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். பிரிட்டனில் உரிய பதிவு இல்லாமல் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று பெயர் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. இங்கே இரண்டு நாள் பட்டறைக்குப் போய் வந்தவரும் பலகை மாட்டிவிடுகிறார். ஆகவே யாரிடம் போனாலும் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், யார் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், பிள்ளை வரைந்த படம் யாரிடம் இருக்கும், பிள்ளை பயப்படும்படி ஏதாவது சொன்னால் என்ன செய்வீர்கள். இந்த நாலுக்கும் நேராகப் பதில் சொல்லாதவரிடம் விட வேண்டாம்.

சரி, இது எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'வசதிப்பட்டவர்களின் பொழுதுபோக்கு' என்கிற எண்ணம் அதில் போய்விடும். ஏட்ரியன் ஹில் என்ற இங்கிலீஷ் ஓவியர் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்டார், பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-இல் வைத்தவர் அவர்தான். அதே காலத்தில் ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்று ஒரு பெண், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த டெரசீன் முகாமில், பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். கிடைத்த காகிதம், பழைய படிவங்களின் பின்பக்கம், எல்லாவற்றிலும். 1944-இல் அவரை ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். போவதற்கு முன்னால் பிள்ளைகளின் படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துவிட்டுப் போனார், ஏறக்குறைய 4,500 படங்கள். அவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தானே எழுதும்படி பார்த்துக்கொண்டார். வெறும் எண்ணாக ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பின்னாளில் அமெரிக்காவில் இந்தத் துறையை வளர்த்த எடித் கிராமர் இவரிடம் படித்தவர். ஆக இது காசநோய் வார்டிலும் முகாமிலும் முளைத்தது.

இப்போது உங்கள் மருமகன்.

கறுப்பு என்றால் மன அழுத்தம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. யாருக்கும் தெரியாது, அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்கும் இன்னும் தெரியாமல் இருக்கலாம். மரத்தில் பொந்து வரைந்தால் இது, கையை வரையாமல் விட்டால் அது என்று செல்போனில் வருகிற பட்டியல்களை நம்பாதீர்கள். வெள்ளம் வந்து ஒரு மாசம் கழித்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பாகத் தேய்த்தான். எனக்கு உள்ளே பதறியது. 'இதைப் பற்றிச் சொல்லலாமா, மக்கா' என்று மட்டும் கேட்டேன். 'கரண்ட் இல்லக்கா' என்றான். அவ்வளவுதான், அந்த ராத்திரி அப்படித்தானே இருந்தது, அவன் கண்டதைக் கண்டபடி வரைந்திருக்கிறான். இன்னொரு பிள்ளை கறுப்பையே எடுத்ததற்குக் காரணம் மற்ற ஸ்கெட்ச் எல்லாம் காய்ந்துபோனதுதான். முதலில் அதைப் பாருங்கள், பாக்ஸில் மற்ற பேனாக்கள் எழுதுகின்றனவா என்று.

அந்த ஊரில் நான் ஒரு பெரிய தவறும் செய்தேன், அதைச் சொல்லாமல் இருந்தால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வாட்டர் கலர் கொண்டுபோயிருந்தேன். ஈரத் தாளில் நிறத்தை விட்டால் அது தானே பரவும், பார்க்க அழகாக இருக்கும். ஒரு சின்னப் பெண்ணின் தாளில் பழுப்பு நிறம் பரவி, அவள் ஏற்கெனவே பென்சிலில் வரைந்திருந்த வீட்டுக்குள் போனது. அவள் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பிள்ளை அழுததும் மற்றவையும் அழத் தொடங்கிவிட்டன. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆட்களோடு நின்றுபோனது, ஏரல் பாலம் உடைந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், தண்ணீருக்கு வீட்டைப் பறிகொடுத்த பிள்ளைகளிடம் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

இதைப் புத்தகத்திலும் படித்துத்தான் இருந்தேன். கேகின், லூஸ்பிரிங்க் என்ற இரண்டு பேர் 1978-இல் எழுதிவைத்தது, இந்த வேலையின் அஸ்திவாரங்களில் ஒன்று. ஓடுகிற பொருள் உணர்ச்சியைக் கிளப்பும்: நீர்வண்ணம், விரலால் பூசும் பெயின்ட், குழைந்த சேறு. எதிர்த்து நிற்கிற பொருள் பிடிமானம் கொடுக்கும்: பென்சில், கத்தரித்து ஒட்டுவது, மரத்துண்டு, கெட்டியான களிமண். நடுங்கிப்போன ஆளுக்கு முதலில் பிடிமானம், அவர் கால் ஊன்றினபிறகுதான் மற்றது. மறுவாரம் நான் தீப்பெட்டி, அட்டை, பசை, அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு கொஞ்சம், இவற்றோடு போனேன். பிள்ளைகள் வீடு கட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் மச்சு வைத்தார்கள், மச்சுக்கு ஏணி வைத்தார்கள், ஒருத்தன் ஏணியின் அடியில் ஆட்டுக்குட்டிக்கும் ஒரு சின்ன ஏணி வைத்தான். அதைச் செய்யும்போதுதான் பேச்சும் வந்தது. கையில் வேலை இருக்கும்போது, கண்ணைக் கண் பார்க்க வேண்டாத நேரத்தில், பேச்சு பைய வரும். பீடி சுற்றும்போதும் பூக் கட்டும்போதும் நம் பெண்கள் பேசுகிற பேச்சு வேறெங்கும் வராது இல்லையா, அந்த மாதிரிதான்.

அதனால் உங்கள் மருமகனுக்கு வரைய வராது என்பது ஒரு தடையே இல்லை. வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், அதே பாய். முக்கால் மணி நேரம், கூடிப்போனால் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் இரண்டு மூன்று தடவை அவன் எதுவுமே செய்யாமல் இருக்கலாம், நானும் பக்கத்தில் ஏதாவது மடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். கிளம்ப வேண்டிய நேரம் பத்து நிமிஷம் முன்னாலேயே சொல்லப்படும். படம் அவனுடையது, அவன் சம்மதம் இல்லாமல் உங்களுக்கும் காட்ட மாட்டேன். எத்தனை தடவை என்று கேட்பார்கள், இந்த மாதிரிப் பயத்துக்கு நான் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்துவிட்டு, வீட்டாரோடும் டாக்டரோடும் பேசி, தொடர்வதா என்று முடிவுசெய்வேன். ஒரே நாளில் மனசைத் திறந்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு படத்தை மட்டும் வைத்து 'இந்தப் பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்திருக்கிறார்கள்' என்று முடிவுகட்ட முடியாது, கூடாது. ஆனால் பிள்ளை வாயால் அப்படி ஒன்று சொன்னால் அதை மூடிவைக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசிலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்லியாக வேண்டும், நானும் சொல்வேன். ரகசியம் காப்பேன் என்று பிள்ளையிடம் சொல்லும்போதே இந்த ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுவது என் வழக்கம். 1098 சிறார் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். வலது பக்கம் விழுந்து பேச்சும் குழறினால், அநேகமாக மூளையின் இடது பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கும், பலருக்குப் பேச்சு இருப்பது அந்தப் பக்கத்தில்தான். வார்த்தை வாயில் வராது, ஆனால் பலருக்கு எண்ணம் உள்ளே முழுசாக இருக்கும், அதுதான் பெரிய துயரம். சுற்றி இருக்கிறவர்கள் 'ஆச்சிக்கு ஒண்ணும் புரியாது' என்று முடிவுகட்டி, அவர்கள் முன்னாலேயே சொத்துப் பேச்சு பேசுகிறார்கள். பேச்சு வராதவர்களில் சிலருக்குப் பாட்டு வரும், தாலாட்டு வரும், குலவை வரும். முயன்று பாருங்கள், ஆச்சிக்குப் பழக்கமான ஒரு பாட்டை நீங்கள் தொடங்கி நடுவில் நிறுத்துங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சி, இதே மாதிரி வலது கை விழுந்தவர்கள். நான் முதல் நாள் கிரேயானும் பெரிய தாளும் கொண்டுபோனேன். கொஞ்சம் பேச்சு வரும் அவர்களுக்கு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'சின்னப்பிள்ள வேலையக் குடுக்க' என்று துண்டு துண்டாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரி. நாற்பது வருஷம் அப்பளம் இட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின கைக்கு நான் நர்சரி சாமானைக் கொடுத்தேன். வயதானவர்களுக்குப் பிள்ளைகளின் கலரிங் புத்தகத்தைக் கொடுப்பதை நான் அன்றோடு விட்டேன். மறுவாரம் காருகுறிச்சியில் பானை செய்கிறவர்களிடம் வாங்கின மண்ணைப் பிசைந்து, அவர்கள் வீட்டு அப்பளக் குழவியோடு முன்னால் வைத்தேன். இடது கையால் ஒரு உருண்டை கிள்ளினார்கள். இட்டார்கள். கோணலாக வந்தது, நசுக்கிப் போட்டுவிட்டு மறுபடி இட்டார்கள். தப்பைத் திரும்ப உருட்டிக்கொள்ளலாம் என்பதுதான் மண்ணின் பெரிய குணம், தாளுக்கு அது கிடையாது. ஆறாவது வாரம் மண் வட்டங்கள் மேல் தீக்குச்சியால் புள்ளி வைத்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை என்று விரலை மடக்கிக் காட்டினார்கள். ஏழு வட்டம் இருந்தது. வீட்டில் எல்லாரும் ஆச்சிக்கு ஐந்து பிள்ளைகள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். தவறின இரண்டு பிள்ளைகளைப் பற்றி ஐம்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை.

உங்கள் ஆச்சிக்கு என்ன வேலை பழக்கம் என்று எழுதுங்கள். கோலம் என்றால் கோலமாவை இடது கையில் கொடுக்கலாம், தரையில் குனிய முடியாதே, அதனால் கறுப்புச் சார்ட்டை மேஜையில் டேப் போட்டு ஒட்டிவிட்டால் அசையாது. பிரஷ் பிடிக்க வராவிட்டால் காம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் போதும். இது கையைத் திரும்ப வரவைக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் விடாமல் நடக்க வேண்டும், ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒருநாள் கூடத் தவறக் கூடாது.

எல்லாருக்கும் உண்டா என்ற கேள்விக்கு உண்மையான பதில், உண்டு, ஆனால் அதற்கு மாற வேண்டியது நானும் என் பையில் இருக்கிற சாமானும். வருகிற ஆளை மாறச் சொல்லக் கூடாது. பார்வை இல்லாதவருக்கு ஓவியமா என்பார்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளோடு களிமண்ணில் வேலை செய்தவர், கண்ணால் உலகத்தை அறிகிறவர்கள் ஒரு வகை, உடம்பாலும் தொடுகையாலும் அறிகிறவர்கள் ஒரு வகை என்று சொன்னார். நான் அதைப் பத்தமடைக் கோரையை வைத்துப் புரிந்துகொண்டேன். நனைத்த கோரை, காய்ந்த கோரை, கிழித்த கோரை, மூன்றும் மூன்று குரல் மாதிரி விரலுக்குத் தெரியும். பார்வை இல்லாத ஓர் இளைஞர் தன் கோபத்தைக் கிழித்த கோரையாலும், தன் தங்கையை நனைத்த கோரையாலும் பின்னி என் கையில் கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள் என்றார். காது கேளாதவர் வந்தால் சைகை மொழி தெரிந்தவர் கூட இருப்பார், அவருடைய அம்மாவையே மொழிபெயர்க்க வைக்க மாட்டேன், அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருந்தால் என்ன செய்வார்? ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பசையின் வாடையும் ஈரமும் தாங்காமல் போகலாம், நிறத்தை ஜிப் கவருக்குள் விட்டு மூடி மேலிருந்து அமுக்கக் கொடுப்பேன். விசிறிச் சத்தம் தாங்காவிட்டால் விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்வோம்.

மேலப்பாளையத்தில் சில வீடுகளில் உயிருள்ளவற்றின் உருவம் வரைய விரும்ப மாட்டார்கள். ஏன் என்று நான் கேள்வி கேட்பதில்லை, மருதாணிக் கோடு இருக்கிறது, பூ வேலை இருக்கிறது, எழுத்து இருக்கிறது. பிள்ளைக்குத் தாயத்து கட்டியிருக்கிறீர்களா, இருக்கட்டும். கொடையில் சாமி வந்து ஆடின பெண்ணிடம் அது உண்மையா பொய்யா என்று விசாரிப்பது என் வேலை இல்லை, ஆடி முடித்தபின் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் அவள் வரைந்து காட்டுவாள். 'உங்கள் உணர்வுகளை வெளிப்படுத்துங்கள்' என்றால் நம் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஓடாது. நெஞ்சு கனமாக இருக்கிறதா, வயிற்றைப் பிசைகிறதா, வெப்ராளமாக வருகிறதா என்று கேட்டால் உடனே பதில் வரும். ஆள் அளவுக்குப் பெரிய தாளில் உடம்பின் கோட்டை வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று பூசச் சொல்வேன். தலைவலி, தலைவலி என்று வருஷக்கணக்காக மாத்திரை வாங்கின ஒரு பெண் தலையைத் தொடவே இல்லை, தொண்டையில் மட்டும் சிவப்பை அழுத்தி அழுத்திப் பூசினாள்.

பீடி சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. என் அறைக்கு வா என்றால் பஸ் செலவும் போகும், அன்றைய கூலியும் போகும். அதனால் அவர்கள் சுளகோடு உட்கார்ந்திருக்கிற திண்ணைக்கு நான்தான் போக வேண்டும், கட்டணமும் அவரவரால் முடிந்ததுதான். திருநங்கையர் வருகிறார்கள், கணவனை இழந்தவர்கள் வருகிறார்கள். மார்கழியில் வாசலில் கோலம் போடக் கூடாது என்று பதினைந்து வருஷமாகத் தடுத்துவைக்கப்பட்ட ஒருவர், என் அறைத் தரையில் இருபத்தொரு புள்ளி வைத்துப் பெரிய கோலம் போட்டார், நடுவில் பூசணிப்பூ வைக்க இடம் விட்டார். சாணியும் பூவும் நான்தான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

இன்னொன்று, வெளியூர் ஆட்களுக்கு எளிதில் புரியாதது. நம் பக்கத்தில் நிறம் சும்மா நிறமாக இருப்பதில்லை. கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்தே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாதி சாதியாகப் பிரிகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. இப்படி இருக்கிற இடத்தில் பையன்கள் கூடி உட்கார்ந்திருக்கும்போது 'உனக்குப் பிடித்த நிறம் எது' என்று கேட்பது, மற்ற ஊரில் விளையாட்டு, இங்கே சாதியைக் கேட்பது. நான் ஒருமுறை கேட்டுவிட்டு, அறை இரண்டாகப் பிரிவதைக் கண்ணால் பார்த்தேன். இப்போது கடைக் கலரைக் கொண்டுபோவதே இல்லை. தேரி மண், ஆற்று வண்டல், அடுப்புக்கரி, மஞ்சள், சுண்ணாம்பு, ராத்திரியே ஊறவைத்த கருவேலம் பிசின். எல்லாரும் சேர்ந்து அரைக்க வேண்டும், ஒரே அம்மி. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்து சிவப்பாகும்போது எல்லாத் தலையும் ஒன்றாகக் குனியும். குடிக்கிற தண்ணீர் ஒரே பானை, ஒரே தம்ளர், அதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இதனால் சாதி போய்விடாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அரைத்தவனை மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அடிப்பதற்குக் கை கொஞ்சம் தயங்கும் என்று நம்பித்தான் போகிறேன்.

எப்போது என்னை மாதிரி ஆட்களுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். பையன் நாள்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தன்னையே அடித்துக்கொள்கிறான், செத்துப்போகலாம் என்கிற மாதிரிப் பேசுகிறான், பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டான் என்றால் உடனே டாக்டர். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பதற்றமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், இலவசம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவன் கிறுக்கும்போது தடுக்காதீர்கள், 'நல்ல கலர்ல போடு' என்று சொல்லாதீர்கள், 'அழகாயிருக்கு' என்றும் சொல்லாதீர்கள், அவன் அழகுக்காகப் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அத்தையும் ஒரு தாளில் ஏதாவது போடுங்கள், பேச வேண்டாம். மழை அறிவிப்பு வந்தால் டிவியில் பழைய வெள்ளக் காட்சி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் எங்கே போவோம், எதை எடுத்துக்கொள்வோம், டார்ச் எங்கே இருக்கிறது என்று அவனையே ஒரு அட்டையில் வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டுங்கள், பயந்த பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தால் கொஞ்சம் ஊன்றி நிற்கும். படத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கவோ சொந்தக்காரர்களுக்கு அனுப்பவோ வேண்டாம். அந்தக் கறுப்புத் தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள், பின்பக்கம் பென்சிலால் தேதி மட்டும் எழுதி, நனையாத ஒரு கவரில், அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவனிடமும் சொல்லிவிடுங்கள்.